அலமாரிக்குள் ஒரு சின்ன வெளிச்சம்

இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வயதான அம்மாவை, அன்று காலை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரும் விடியுமுன்னே தலை வாரி, பல்செட்டை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தார். ஏழு மணிக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வார்டு வாசலில் ஒரு டிரைவர் வந்து நின்றார். சட்டை, கால்சட்டை, மேல்கோட்டு எல்லாமே கறுப்பு.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நர்ஸம்மா, இங்க கொஞ்சம் வாங்க. நான் உசுரோடதானே இருக்கேன்?"

டிரைவர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். வார்டின் வெள்ளை விளக்கில் அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பாப் போட்டுட்டு வந்துட்டேன்."

"சட்டை மட்டும் தப்பா, இல்ல ஆளே தப்பா?"

"சட்டை மட்டும்தாம்மா."

"அப்ப சரி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அப்ப இதே சட்டையில வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாவின் மகன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே போய்ப் போன் பேசினார். யாரிடம் பேசுகிறார் என்று டிரைவருக்குத் தெரியும். தெரிந்தும் அவசரப்படவில்லை. அந்த அம்மாவைப் பூப்போலத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார். பள்ளம் மேடு பார்த்து, மெதுவாக ஓட்டி, வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்.

மெதுவாக ஓட்டுவதால்தான் அவருக்கு 'மெதுவண்ணன்' என்று பெயர் வந்தது. வயது ஐம்பத்திரண்டு. அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இரண்டு விதமான வண்டிகள் உண்டு. ஒன்று நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கொண்டுபோகிற வண்டி. அதற்கு டிரைவர் கருநீலம் உடுத்த வேண்டும். இன்னொன்று இறந்தவர்களைக் கொண்டுபோகிற வண்டி. அதற்குக் கறுப்பு. எந்த டிரைவருக்கு அன்று எந்த வண்டி என்பது விடிகாலை மூன்றே முக்காலுக்குத்தான் முடிவாகும். போனில் ஒரே ஒரு வார்த்தை வரும். 'நீலம்' அல்லது 'கறுப்பு'. ஷெட்டில் எங்கே கை வைத்தாலும் எண்ணெயும் கிரீஸும்தான். அதனால் வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. இருபது வருஷமாக மெதுவண்ணன் ஒரு நாள்கூடத் தப்பாக உடுத்தியதில்லை. இந்த மூன்று மாதத்தில் இது இரண்டாம் தடவை.

முதலாளியம்மா அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல அந்த அம்மா. பேச்சு மட்டும் கொஞ்சம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும்.

"உக்காருங்க. போன தடவை துக்க வீட்டுக்கு நீலத்துல போனீங்க, நான் ஒண்ணும் கேட்கல. உங்க வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனா இது ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களை ராத்திரி வேலைக்கு மாத்திடுவேன். கோவத்துல சொல்லல, நல்லதுக்குத்தான் சொல்றேன். ராத்திரியில நமக்கு வர்ற சவாரி எல்லாமே ஒரே மாதிரி. கறுப்பு மட்டும்தான். குழப்பமே இருக்காது."

"அம்மா, ராத்திரி வேலை மட்டும் வேண்டாம்மா."

"அப்ப வெளிச்சத்துல பார்த்து உடுத்துங்க. இதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?"

"சரிம்மா" என்று எழுந்து வந்துவிட்டார். வெளிச்சம் போட முடியாது என்பதை எப்படிச் சொல்வது?

அதைச் சொல்ல வேண்டுமானால் அவர் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பையன், இருபத்து மூன்று வயது, அச்சகத்தில் இரண்டாம் ஷிஃப்ட். வீடு என்பது நாலாவது மாடியில் ஒரே ஒரு அறை. ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் அடுப்பு. குளியலறைக் கதவுக்கு மேல்பாதி வெறும் கண்ணாடி, உள்ளே விளக்குப் போட்டால் அறைக்கும் அடிக்கும். பையன் ராத்திரி ஒரு மணிக்கு வந்து விளக்கைப் போடுவான். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் அவர் மனைவி எழுந்து, "வந்துட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பாள். அவன் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அவளுக்கு முழுத் தூக்கம். ஐந்து வருஷம் அப்படித்தான் நடந்தது. ஒரு வருஷமும் இரண்டு மாதமும் முன்னால் ஒரு ராத்திரி அவன் வரவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற சாலையில் ஒரு லாரி.

அவனைக் கொண்டுபோகிற வண்டியை வேறு டிரைவர் ஓட்டட்டும் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். "நானே ஓட்டுறேன்" என்றார் மெதுவண்ணன். கறுப்புச் சட்டைப் பொத்தான்களை ஒன்று விடாமல் போட்டுக்கொண்டு, எப்போதும்போல மெதுவாக ஓட்டினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு மரத்துப்போனது இன்னும் தெளியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஈறு இருக்கும், இருப்பது மட்டும் தெரியாது. அப்படித்தான் அவர் சாப்பிட்டார், குளித்தார், வேலைக்குப் போனார். வண்டியை எடுக்கும் முன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசுவது அவர் வழக்கம். இப்போதும் நெற்றியை வைக்கிறார், வார்த்தைதான் வருவதில்லை. வராவிட்டால் என்ன, நெற்றி வைத்ததைக் கடவுள் பார்க்காமலா இருப்பார்?

அவர் மனைவிக்கோ தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருப்பாள். மூன்று மணி வாக்கில்தான் கண் அசரும். அதுவும் பக்கத்தில் அவர் மூச்சுச் சத்தம் கேட்டால்தான். அந்தத் தூக்கம் ஏழு, எட்டு மணி வரை நீடித்தால் அன்றைக்கு அவள் மனுஷி. குளிப்பாள், சமைப்பாள், அவர் உடுப்பைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டுவாள். நடுவில் கலைந்தால் அந்த நாள் போச்சு.

கலைப்பது சத்தம் அல்ல. பாத்திரம் விழுந்தால்கூட அசைய மாட்டாள். வெளிச்சம்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், சட்டை தேடுவதற்காக மெதுவண்ணன் போனில் உள்ள டார்ச்சை அலமாரிக்குள் ஒரு நொடி அடித்தார். அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"வந்துட்டியாப்பா? சோறு மூடி வச்சிருக்கேன், இரு."

"நான்தாம்மா" என்றார் அவர்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோதும் கட்டிலின் அதே விளிம்பில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் விடிகாலையில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. போனில் வருகிற வார்த்தையைக்கூடப் போர்வைக்குள் தலையை விட்டுத்தான் படிப்பார். குளியல் இருட்டில், உடுத்துவது இருட்டில். வாசல் கதவைத் திறந்தால் நடைபாதை விளக்கு உள்ளே பாயும் என்று ஒருக்களித்துத் திறந்து, உடம்பாலேயே மறைத்துக்கொண்டு வெளியேறுவார்.

வண்டியில் அவரோடு துணைக்கு வருகிறவனுக்கு மீசை என்று பெயர். நாற்பது வயதாகியும் முகத்தில் மீசை முளைக்கவில்லை என்பதால் வந்த பெயர். முதலாளியம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"அண்ணே, இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறீங்க? நீல ஹேங்கர்ல ஒரு நூலைக் கட்டுங்க. தடவிப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"கட்டினேன். அவ துவைச்சு எந்த ஹேங்கர் கைக்கு வருதோ அதுல மாட்டிடறா. சட்டை ஒரு நிறம், கால்சட்டை ஒரு நிறம்னுகூட மாட்டிடறா."

"அப்ப சட்டையிலயே ஒரு தையல் போடச் சொல்லுங்க."

"எதுக்குன்னு கேட்பா. நீ தப்பா மாட்டுறன்னு சொல்லணும். அவ இப்ப செய்யற வேலையே அது ஒண்ணுதான். அதையும் தப்புன்னு சொன்னா அப்புறம் எதைச் செய்வா?"

மீசை துணியை எடுத்து வண்டியைத் துடைக்கப் போனான். அவன் தானாக வண்டி துடைப்பது வருஷத்துக்கு ஒரு தடவை.

அன்று சாயங்காலம் மெதுவண்ணன் மின்சாமான் கடைக்குப் போனார். கடையை நடத்துகிற அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கும்மா" என்றார் இவர்.

"அட, ஆமா! சொல்லுங்கண்ணே, என்ன வேணும்?"

"அலமாரிக்குள்ள வைக்க ஒரு லைட். விடிகாலையில நான் உடுத்தணும். ஆனா கட்டில்ல தூங்கறவங்க முழிக்கக்கூடாது."

"அவ்வளவு பயமா வீட்ல?" என்று கேட்ட அந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டார். "இது பாருங்க, ஆள் அசைஞ்சா தானா எரியும்."

"புரண்டு படுத்தா?"

"அதுக்கும் எரியும்."

"அப்ப ராத்திரி முழுக்க எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்மா. வேண்டாம்."

பிறகு அந்த அம்மா உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு விளக்கை எடுத்து வைத்தார். விரலால் தட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும். இளமஞ்சள் வெளிச்சம், மாலை வெயில் மாதிரி. "இதுல கண் கூசவே கூசாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். மெதுவண்ணன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உறுத்தவில்லை. வாங்கிக்கொண்டு போய், மனைவி குளிக்கிற நேரத்தில் அலமாரியின் உள் மூலையில் ஒட்டினார்.

மறுநாள் விடிகாலை, விரலால் மெல்லத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபடியே நின்றார். மஞ்சள் வெளிச்சம் துணிகளின் மேல் படர்ந்து, கட்டிலின் கால்மாட்டில் லேசாகத் தொட்டது. அவள் மூச்சு மாறவில்லை. வந்த வார்த்தை 'கறுப்பு'. கறுப்பை எடுத்து உடுத்தினார், கறுப்பாகவே இருந்தது. அடுத்த நாளும் கறுப்பு, அன்றும் சரி. அப்பாடா என்று தோன்ற வேண்டிய இடத்தில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் மனைவி எட்டு மணி வரை தூங்கினாள். ஒரு நாள் கீரைகூட ஆய்ந்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் 'நீலம்' வந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து எடுத்தார். வெளியே நடைபாதையின் மஞ்சள் விளக்கின் கீழே நின்று இன்னொரு தடவை பார்த்தார். எல்லாம் நீலமாகத்தான் தெரிந்தது. ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் ஏறினபோது மீசை குழல்விளக்கின் கீழே நின்று அவரைப் பார்த்தான்.

"அண்ணே."

"என்ன?"

"மேல நீலம், கீழ கறுப்பு. இன்னைக்கு நாம ஏத்தப்போற ஆளு பாதி போயிட்டாரா, பாதி இருக்காரா?"

மெதுவண்ணன் காலைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு ஆள் காத்திருக்கும். வீட்டுக்குத் திரும்பிப் போய் வர நேரம் இல்லை.

"மேல்கோட்டும் சட்டையும் நீலம்தானே," என்றான் மீசை. "இன்னைக்கு முழுக்க நீங்க சீட்டை விட்டு இறங்காதீங்க. ஜன்னல் வழியா மேல்பாதி தெரிஞ்சா போதும். ஸ்ட்ரெச்சரை நான் பார்த்துக்கறேன். ஆஸ்பத்திரியில ஒரு ஆளைக் கெஞ்சிக் கூட்டிக்கறேன்."

அப்படியே செய்தார்கள். அன்று நாலு நோயாளிகள். காலை ஐந்தரையிலிருந்து பிற்பகல் மூன்று வரை மெதுவண்ணன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பியதும் முதலாளியம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஜன்னல் வழியாக, "என்ன, வாடின மாதிரி இருக்கீங்க? இறங்கி வந்து டீ குடிங்க" என்றார்.

"வண்டி கழுவிட்டு வர்றேம்மா."

"இருபது வருஷத்துல வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டே கழுவின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தாரோ, பார்க்கவில்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதே கால்சட்டையோடு மெதுவண்ணன் மறுபடி மின்சாமான் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா சிரிக்காமல் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார்.

"என் தப்புண்ணே. முழிக்கக்கூடாதுன்னு சொன்னீங்க, நிறம் பார்க்கணும்னு சொல்லல. நானும் கேட்கல. மஞ்சள்ல கருநீலமும் கறுப்பும் ஒண்ணுதான். நானே என் பொண்ணுக்கு மேட்ச்சா துணி எடுத்து ஏமாந்திருக்கேன். நிறம் தெரியணும்னா வெள்ளைதான் போடணும்."

"வெள்ளை போட்டா எந்திரிச்சிடுவா."

"யாரு, வீட்லயா? உடம்பு சரியில்லையா?"

மெதுவண்ணன் கடையில் தொங்கிய விளக்குகளைப் பார்த்தார். "பையன் ராத்திரி வந்து லைட் போடுவான். இப்ப இல்ல. லைட்டைப் பார்த்தா அவன்னு நினைச்சுக்கிறா" என்றார். வேறு யாரிடமும் அவர் இவ்வளவு சொன்னதில்லை. சொன்ன குரல், சவாரியின் விலாசத்தைச் சொல்கிற குரலாகத்தான் இருந்தது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பட்டையை எடுத்து வந்தார். நாடா மாதிரி மெல்லிசாக, மொச்சைக்கொட்டை அளவில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள்.

"நல்லா கேட்டுக்கோங்க. இதை மேல ஒட்டக்கூடாது, பின்னாடியும் ஒட்டக்கூடாது. கதவு வந்து மூடுது பாருங்க, அந்தச் சட்டத்துக்கு உள்பக்கமா, நின்னவாக்குல ஒட்டுங்க. முகம் துணியைப் பார்த்து இருக்கணும், முதுகு கட்டிலைப் பார்த்து இருக்கணும். எரியுற விளக்கு கண்ணுக்குத் தெரியக்கூடாது, துணியில விழற வெளிச்சம்தான் தெரியணும். முழுசாவும் ஒட்டாதீங்க, ஒரு முழம் போதும். அதுவும் ஜாஸ்தியா இருந்தா மேல வெள்ளைத் துணிநாடா ஒரு சுத்து சுத்துங்க. கதவைத் திறந்தா எரியும், மூடினா அணையும். அப்புறம் ஒண்ணு. ஒட்டிட்டு நீங்க நின்னு பார்க்காதீங்க. அவங்க படுக்கிற இடத்துல நீங்க படுத்துப் பாருங்க. அப்பத்தான் தெரியும்."

ஒட்டுகிற வேலையை இந்தத் தடவை மனைவிக்குத் தெரியாமல் செய்ய முடியவில்லை. துணியையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட வேண்டியிருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"லைட். காலையில உடுத்தும்போது கண்ணு தெரிய மாட்டேங்குது. வயசாகுதில்ல."

"சும்மா பெரிய லைட்டைப் போட வேண்டியதுதானே?"

அவர் பட்டையின் முனையைச் சட்டத்தில் வைத்து அழுத்தினார். அவள் கொஞ்சம் கழித்து எழுந்து வந்து, அவர் ஒட்டுவதற்கு வாகாகப் பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டி முடித்ததும் எடுத்த துணிகளை அவளே ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள். எது எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியக்கூடாது.

பொழுது சாய்ந்திருந்தது. ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கினார்.

"நீ அலமாரிகிட்ட நில்லு. நான் உன் இடத்துல படுத்துப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கிட்டு இருப்பேன். நீ கதவைத் திறந்து மூடு. எனக்குத் தெரியுதான்னு சொல்றேன்."

"விளையாட்டா இருக்கு" என்றாள். ஆனால் போய் நின்றாள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் கட்டிலின் அந்தப் பக்கம் படுத்ததே இல்லை. சுவர்ப் பக்கம் அவருடையது, வாசல் பக்கம் அவளுடையது. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டில் அந்தப் பக்கம் இருந்ததால் அப்படி ஆரம்பித்தது. பிறகு அவன் ராத்திரி வேலைக்குப் போனபோது, சட்டென்று எழுந்து சோறு போடுவதற்கு வசதியாக அப்படியே நீடித்தது. மெதுவண்ணன் அவள் தலையணையில் தலையை வைத்தார். கண்ணை மூடுவதற்கு முன்னால், அங்கிருந்து பார்த்தால் நேரே தெரிவது வாசல் கதவும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கு சுவிட்சும் என்பதைக் கண்டார். ஒவ்வொரு ராத்திரியும் அவள் இதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள் போலும்.

கண்ணை மூடினார்.

"திறந்தேன்" என்றாள்.

"லேசாத் தெரியுது."

கதவு மூடுகிற சத்தம். துணிநாடாவைக் கிழிக்கிற சத்தம். அவளே சுற்றுகிறாள்.

"இப்ப?"

"கொஞ்சம்."

"இப்ப?"

"இல்ல. திறந்துட்டியா?"

"திறந்துதான் இருக்கு."

 திறந்த அலமாரியின் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓரத்தில் நாலைந்து சட்டைகள் பையனுடையவை, அவற்றை அவள் தொடவில்லை. நடுவில் தான் சற்றுமுன் மாட்டியதைத்தான் பார்த்தாள். கறுப்புச் சட்டையோடு நீலக் கால்சட்டை. நீல மேல்கோட்டுக்குள் கறுப்புச் சட்டை.

"என்னங்க."

"ம்."

"இதெல்லாம் இப்படியா மாட்டி வச்சிருந்தேன்? இத்தனை நாளும் இப்படித்தானா?"

 இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்றால் அதற்கு மேலே பேச வேண்டும்.

"இருட்டுல எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"நீலத்துல ஒரு தடவை துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களே. நீங்கதான் மறதியா எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னத்தைச் சொல்றது?"

அவள் அழவில்லை. அந்த வீட்டில் யாருமே அழுகிற நிலையில் இல்லை. ஹேங்கர்கள் கம்பியில் நகர்கிற சத்தம் கேட்டது. ஒன்றை எடுத்து, பிரித்து, மாற்றி மாட்டுகிற சத்தம். அது நிதானமாக, விட்டு விட்டு வந்தது. கண்ணை மூடியிருந்த மெதுவண்ணன் எத்தனை என்று எண்ணத் தொடங்கினார். நாலாவதோ ஐந்தாவதோ எண்ணும்போதே தூங்கிப்போனார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பு. பதினாலு மாதமாக, அவள் புரளுகிற ஒவ்வொரு தடவையும் விழித்துக்கொண்ட உடம்பு.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தபோது அவர் பழக்கத்தில் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். மூன்றே முக்கால். 'கறுப்பு'.

சாப்பிடாமலே தூங்கியிருக்கிறார், அதே உடுப்போடு. படுத்திருப்பது அவள் இடத்தில். கையை நீட்டித் தடவினார். சுவர்ப் பக்கம், அவருடைய இடத்தில் அவள் படுத்திருந்தாள். முகம் சுவரைப் பார்த்து, முதுகு வாசலைப் பார்த்து. மூச்சு சீராக இருந்தது. எழுப்பி நகரச் சொல்லாமல், காலியாக இருந்த இடத்தில் படுத்துவிட்டாளா, இல்லை வேண்டுமென்றே அங்கே போனாளா, அவருக்குத் தெரியவில்லை.

இருட்டில் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தார். சத்தமே இல்லாமல் வெளிச்சம் துணிகளின் மேல் நின்றது. பால் கலந்த மாதிரி வெள்ளை. இடது பக்கம் மொத்தமும் நீலம், வலது பக்கம் மொத்தமும் கறுப்பு, நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி. திரும்பிப் பார்த்தார். மிஞ்சிய வெளிச்சம் அவர் எழுந்து வந்த காலியான தலையணையில் மங்கலாகக் கிடந்தது. அதைத் தாண்டி அவள் வரைக்கும் போகவில்லை.

கறுப்பை எடுத்து உடுத்தினார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார். கதவை மூடினதும் அறை பழையபடி இருட்டானது. ஒருக்களித்து வெளியே போனார்.

அன்று முதல் சவாரி நகரத்தின் மறுகோடியில். எட்டு மணிக்கு அவரும் மீசையும் ஒரு வீட்டு வாசலில், உள்ளே பிரார்த்தனை முடிவதற்காகக் காத்திருந்தபோது போன் அடித்தது. மனைவி அந்த நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. வண்டிக்குப் பின்னால் போய் எடுத்தார்.

"என்னங்க, இப்பத்தான் எந்திரிச்சேன். மணி எட்டாகுது."

"சரி."

"நீங்க எப்பப் போனீங்கன்னே தெரியல."

"சரிம்மா."

"கறுப்பா, நீலமா?"

"கறுப்பு."

"பார்த்துத்தானே போட்டீங்க?"

"பார்த்துத்தான் போட்டேன்."

 அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "வச்சிடறேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

"யாருண்ணே, முதலாளியம்மாவா?" என்று கேட்டான் மீசை.

"இல்ல, வீட்ல. தூங்கி எந்திரிச்சாளாம்."

"இதைச் சொல்லவா போன்?"

"ஆமா" என்றார் மெதுவண்ணன். அதற்குள் உள்ளே பிரார்த்தனை முடிந்து கதவைத் திறந்தார்கள். அவர் காலரைச் சரிசெய்துகொண்டு, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுப் பக்கத்தைப் பிடித்தார்.